குறைக்க ஒன்றுமில்லாத வீடு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அன்று காலை பத்தரை மணிக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பத்தரைக்குத்தான் எதிர்க் கட்டடத்தில் ரிப்பன் வெட்டினார்கள். வெட்டியவர் பசுமை வாழ்வு வாரியத்தின் தலைவர். ரிப்பன் கட்டியிருந்தது மெக்கானிக்குடைய சகலை வீட்டு வாசலில். ரிப்பனுக்குப் பின்னால், கதவில் ஒரு பலகை அறைந்திருந்தார்கள். பலகையில் ஐந்து பச்சை இலைகள்.

மனைவியின் தங்கையைக் கட்டியவர் சகலை. அண்ணன் தம்பி மீது பொறாமைப்படலாம், கூட வேலை பார்ப்பவன் மீது பொறாமைப்படலாம், அதெல்லாம் நாலு நாளில் ஆறிப்போகும். சகலை மீது வருகிற பொறாமை ஆறாது. ஒரே மாமனார் வீட்டுச் சோபாவில் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பதினேழு வருஷமாக எல்லாரும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் டைல்ஸ் ஷோரூம் முதலாளி. இன்னொருவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதிர்க் கட்டடத்து லிஃப்டையும் இவர்தான் பழுது பார்க்கிறார். இவர் குடியிருக்கும் ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வீடு நாலாவது மாடியில்.

ஷோரூம்காரரின் வீட்டில் மூன்று ஏ.சி. இருந்தது. துணி துவைக்க ஒரு மெஷின், துவைத்த துணியைக் காய வைக்க இன்னொரு மெஷின். பால்கனியில் ஒரு பளிங்கு மீன் வாயைத் திறந்துகொண்டு இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் துப்பிக்கொண்டிருந்தது. வாரியம் திட்டத்தை அறிவித்ததும் அவர் ஒரு ஏ.சி.யைக் கழற்றினார், காய வைக்கிற மெஷினை நிறுத்தினார், துவைக்கிற மெஷினை மாற்றிப் புதிது வாங்கினார், மீனின் வாயை அடைத்தார். நூற்றுக்கு நாற்பத்திரண்டு குறைப்பு என்று கணக்கு வந்தது. ஐந்து இலை.

மெக்கானிக் வீட்டில் இரண்டு மின்விசிறியும் ஒரு சின்னக் குளிர்ப்பெட்டியும் இருந்தன. காய்கறி கழுவிய தண்ணீர் வாசல் மரத்துக்குப் போகும். துணி அலசிய தண்ணீர் கழிப்பறைக்குப் போகும், மிச்சம் மரத்துக்கு. துணி மொட்டை மாடியில் காயும். ஒரு சட்டை கிழிந்தால் தலையணை உறையாகி, உறை நைந்தால் பையாகி, பை பிய்ந்தால் தரை துடைக்கப் போய், அதற்குப் பிறகுதான் அதற்கு விடுதலை. இதையெல்லாம் மெக்கானிக் ஒரு பெருமையாக ஒருநாளும் நினைத்ததில்லை. வீடு என்றால் அப்படித்தான் நடக்கும் என்று இருந்துவிட்டார்.

ஆனால் ரிப்பன் வெட்டி எல்லாரும் கை தட்டியபோது அவருடைய மனைவி ஒரு வார்த்தை சொன்னாள்.

"பரவாயில்லயே, தங்கச்சி வீட்டுக்காரர் பெரிய ஆளுதான்!"

சொல்லிவிட்டு அந்த ஐந்து இலைகளையும் ஒரு பார்வை பார்த்தாள். பரிசோதனைக் கூடத்தில் இரத்த மாதிரிக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை அவளுக்கு. எதையும் அலட்சியமாகப் பார்க்கிற வழக்கமே இல்லை. அந்தக் கண் அப்படி விரிந்து மெக்கானிக் பார்த்ததில்லை. தன் பக்கம் திரும்பி விரிந்ததாகச் சத்தியமாக நினைவில்லை. அந்த ஒரு பார்வை தனக்கு வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பெண்டாட்டியின் ஒரு பார்வைக்காகப் பொறாமையில் வேகிற வயசா இது என்று கேட்டால், நாற்பத்தெட்டு வயசு. அந்த வயசில்தான் நன்றாக வேகும்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வாரியத்துக்குப் போனார்.

வாரியத்தின் அலுவலகம் ஏழாவது மாடியில் இருந்தது. கீழே சுவர் முழுக்க 'படியேறுவோம், பூமியைக் காப்போம்' என்று எழுதியிருந்தது. படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. பழைய விண்ணப்பங்களைப் படிகளில் அடுக்கி வைத்திருப்பதால் ஏற வழியில்லை என்றும், லிஃப்டில் வரும்படியும் காவலாளி சொன்னார். மேலே பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்தது. குளிரில் அலுவலர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கை தேய்த்தார்கள். விண்ணப்பத்தை நாலு பிரதியாகக் கொடுத்து, ஒவ்வொரு பிரதியையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தரச் சொன்னார்கள்.

உறைகளோடு ஆய்வாளர் முன்னால் போய் நின்றார். ஆய்வாளர் ஐம்பது வயசுக்காரி, கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு. படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு கீழிருந்து மேலே பார்த்தாள்.

"ஏ.சி. எத்தனை சார்?"

"இல்லீங்க மேடம்."

"துவைக்கிற மெஷின்?"

"இல்லீங்க."

"குளியல் தொட்டி?"

"வாளிங்க. ஒரு வாளி."

"வண்டி?"

"சைக்கிள்."

ஆய்வாளர் பேனாவை மூடி வைத்தாள். ஆஸ்பத்திரியில் முடிவைச் சொல்வதற்கு முன்னால் டாக்டர்கள் மூடுவார்களே, அந்த மாதிரி.

"அப்ப எதுக்கு இங்க வந்தீங்க?"

"இலை வாங்கலாம்னு…"

"எதைக் குறைச்சு வாங்குவீங்க? இருக்கிற ரெண்டு ஃபேன்ல ஒன்னைக் கழட்டுவீங்களா?" அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க சார். நிறைய பேர் இப்படித்தான் தெரியாம வந்துடறாங்க. இது பசுமையா வாழறவங்களுக்கான வாரியம் இல்ல. பசுமையா மாறறவங்களுக்கான வாரியம். நீங்க பாட்டுக்கு எங்களக் கேக்காம முதல்ல இருந்தே ஒழுங்கா இருந்துட்டீங்கன்னா, நாங்க உங்கள எப்படித் திருத்தறது? திருத்தினோம்னு எப்படி அறிக்கை எழுதறது? போன வருஷம் ஒரு தெருவே கிளம்பி வந்துச்சு, உங்கள மாதிரி. மொத்தத் தெருவுக்கும் தகுதியில்லன்னு முத்திரை குத்தி அனுப்பினேன். எனக்கும் மனசு இருக்கு சார். அன்னைக்கு நான் சாப்பிடவே இல்ல."

மெக்கானிக்குக்கு முகம் தொங்கிப்போயிற்று. "எங்க சகலைக்கு மட்டும் அஞ்சு இலை…"

"அவரா? அவரு ரத்தினம் சார்! குறைக்கறதுக்கு அந்த வீட்ல எவ்வளவு இருந்துச்சு தெரியுமா? போன உடனே தலைவருக்குக் கண்ணே கலங்கிடுச்சு. இன்னும் பத்து வருஷத்துக்குக் குறைக்கலாம்."

இதைக் கேட்டதும் மெக்கானிக்கின் வயிற்றில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்ததில் இன்னொரு கரண்டி எண்ணெய் விழுந்தது. வேறு வழியே கிடையாதா என்று கெஞ்சினார். ஆய்வாளர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அடிப்படைக் காலம்னு ஒன்னு இருக்கு. ஆறு மாசம். அந்த ஆறு மாசத்துல உங்க வீட்டுச் செலவு எவ்வளவோ, அதுதான் உங்க அடிப்படை. அதுக்கப்புறம் மூணு மாசம் குறைப்புக் காலம். அடிப்படை எவ்வளவு உசந்திருக்கோ அவ்வளவுக்கு நல்லாக் குறையும்."

"அப்ப ஆறு மாசம் வீணாக்கச் சொல்றீங்களா?"

"ஐயையோ, நான் சொல்லல! சொன்னா வாரியக் கொள்கைக்கு விரோதம், என் வேலை போயிடும்." ஒரு பச்சைக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். "அதனாலதான் தனிப் படிவமே போட்டிருக்கோம். 'அடிப்படை உயர்த்தும் குடும்பம்'. இதுவும் நாலு பிரதி."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் அலசிய தண்ணீரை ஒரு வாளியில் வடித்துக்கொண்டே கேட்டாள்.

"இப்ப நல்லாத்தானே இருக்கோம்? எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"நல்லா இருந்தாப் போதுமா? நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

"எந்த நாலு பேருக்கு?"

உனக்குத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சமூகம், பூமி, வருங்காலச் சந்ததி என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வீணாக்குவது என்று முடிவெடுத்த பிறகுதான், வீணாக்குவதற்கும் வசதி வேண்டும் என்பது மெக்கானிக்குக்குப் புரிந்தது. இரண்டு மின்விசிறியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எவ்வளவுதான் வீணாக்க முடியும்? யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கத்திலிருந்து சகலை நாலு மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது, ஆனால் வாயெல்லாம் பல்.

"சகல! கேள்விப்பட்டேன். ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக் கூடாதா? நான் கழட்டின ஏ.சி., ட்ரையர், பழைய வாஷிங் மெஷின் எல்லாம் குடோன்ல சும்மாதான் தூங்குது. எடுத்துக்கோங்க. நமக்குள்ள என்ன?"

வேண்டாம் என்று சொல்ல மெக்கானிக்கின் நாக்கு துடித்தது. வாங்கிக்கொள்ள வேறு எதுவோ துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு "சரி சகல" என்றார்.

"மீனும் இருக்கு," என்றார் சகலை. "தண்ணி துப்பும். அழகா இருக்கும்."

மறுநாள் ஆறு சுமைகாரர்கள் எல்லாவற்றையும் தூக்கி வந்தார்கள். சகலை வீட்டிலிருந்து பூமியைக் காப்பதற்காக வெளியேறிய அத்தனை பொருளும் இருபதடித் தெருவைத் தாண்டி, நாலு மாடி ஏறி, மெக்கானிக் வீட்டில் குடியேறின. பளிங்கு மீன் பால்கனியில் முக்கால் இடத்தை அடைத்துக்கொண்டது. மிச்சமிருந்த கால் பங்கில் ஒருவர் பக்கவாட்டாக நிற்கலாம். ஒரு தெருவில் குறைந்தது அடுத்த பக்கத்தில் கூடினால் பூமிக்கு என்ன லாபம் என்று மெக்கானிக்குக்கே ஒரு சந்தேகம் வந்து, தொலைபேசியில் ஆய்வாளரைக் கேட்டார். தெருவைத் தாண்டிக் கணக்குப் பார்க்கிற வழக்கம் வாரியத்துக்கு இல்லை என்றும், ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கோப்பு என்றும் அவள் விளக்கினாள். பொருள்கள் யாரிடமிருந்து வந்தன என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

மெக்கானிக் வீணாக்குவதில் இறங்கினார். எடுத்த காரியத்தை அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை அவர். ஏ.சி.யைப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தார். இரண்டு கைக்குட்டைக்கு ஒருமுறை மெஷினை ஓட்டினார். காய்ந்த துணியை மறுபடி ட்ரையரில் போட்டார். வேலை முடிந்து வந்ததும் மேலே வராமல், கீழே மீட்டர் பலகை முன்னால் போய் நின்றுவிடுவார். எண்கள் ஓடுவதைப் பார்க்கப் பார்க்க, முதல் ராங்க் வாங்கிய பிள்ளையின் மதிப்பெண் அட்டையைப் பார்ப்பது போல அவருக்கு மனசு பூரிக்கும்.

இடைஞ்சலாக இருந்தது மனைவியின் கைதான். குழாய் ஓடினால் அந்தக் கை தானாகப் போய் மூடிவிடும். விளக்கு எரிந்தால் போகிற போக்கில் அணைத்துவிடும். மூன்றாவது மாதம் ஆய்வாளர் நேரில் வந்து பார்த்தபோது இது அம்பலமாகிவிட்டது.

"இந்த அறைல ஏன் லைட் எரியல?" என்றாள் ஆய்வாளர்.

"அங்க யாரும் இல்லயே மேடம்," என்றாள் மனைவி.

"யாரும் இல்லாத அறைல எரிஞ்சாத்தானேம்மா அது வீண்! ஆள் இருக்கும்போது எரிஞ்சா அது உபயோகம். வித்தியாசம் தெரியாம படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு மனைவியைப் பக்கத்தில் நிறுத்தினாள். "கைய இப்படி பின்னால கட்டிக்கோங்க. பத்து வரைக்கும் எண்ணுங்க பாப்போம். மூடக் கூடாது."

மனைவி கையைக் கட்டிக்கொண்டு எண்ணினாள். "ஒன்னு… ரெண்டு… மூணு… நாலு…" அதற்கு மேல் முடியவில்லை. கை பாய்ந்து குழாயை மூடியது. மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

"பரவாயில்ல, நாலு வரைக்கும் வந்துட்டாங்க," என்று ஆய்வாளர் தேற்றினாள். கோப்பில் 'குடும்பத் தலைவியின் ஒத்துழைப்பு போதவில்லை, ஆனால் திருந்தும் அறிகுறி தெரிகிறது' என்று எழுதினாள். போகும்போது பளிங்கு மீனைத் தட்டிக்கொடுத்தாள்.

மனைவி குழாயைப் பொறுத்தவரை கடைசிவரை திருந்தவில்லை. ஆனால் வேறு ஒன்று நடந்தது. மெஷின் துவைத்து, மெஷினே காயவும் வைத்ததால், சாயங்காலம் அவளுக்கு இரண்டு மணி நேரம் மிச்சமானது. முதல் வாரம் அந்த நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்தாள். இரண்டாவது வாரம் ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டாள். மூன்றாவது வாரம் நூலகத்தில் உறுப்பினராகி ஒரு கனத்த நாவலை எடுத்துவந்தாள். தோளுக்குத் தினமும் தடவுகிற தைலத்தை நிறுத்தினாள். விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் வந்து பார்த்துவிட்டு, "அம்மா நீ பாட்டெல்லாம் முணுமுணுக்கற!" என்று ஆச்சரியப்பட்டாள். மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்குக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை. காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்.

"தங்கச்சி வீட்டுக்காரர் புண்ணியத்துல எனக்குத் தோள்வலியே போச்சு," என்று அவள் ஃபோனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீணாக்குவது இவர், கரி பூசிக்கொள்வது இவர், புண்ணியம் மட்டும் சகலைக்கு! அன்று மெக்கானிக் ஏ.சி.யை இன்னும் இரண்டு டிகிரி இறக்கிவிட்டுக் குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

ஆறு மாதம் முடிந்தது. அடிப்படை மலை போல உயர்ந்திருந்தது. வாரியம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மனைவியிடம் உற்சாகமாக வந்தார்.

"நாளைலேர்ந்து குறைப்புக் காலம். ஏ.சி.யக் கழட்டறேன். மெஷின் ரெண்டையும் அனுப்பிடறேன். பழைய மாதிரியே நாம இருந்துட்டாப் போதும், அஞ்சு இலை வீடு தேடி வந்துடும்."

அவள் நாவலில் விரலை வைத்து மூடினாள்.

"நாமன்னா யாரு?"

"நாமதான். நீயும் நானும். பதினேழு வருஷமா பண்ணிட்டிருந்தோமே."

"பண்ணிட்டிருந்தோமா?" அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "துணி அலசின தண்ணிய ஒருநாளாவது தூக்கியிருக்கீங்களா? ஈரத் துணிய எத்தனை தடவை மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போயிருக்கீங்க? கீழ மரத்துக்குத் தண்ணி ஊத்தறது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

மெக்கானிக் யோசித்துப் பார்த்தார். மரம் பச்சையாக இருப்பது தெரியும். மழையில் வளர்கிறது என்று நினைத்திருந்தார்.

"நான் வேணாம்னு சொல்லல," என்றாள் அவள். "தாராளமா குறைச்சுக்கோங்க. ஆனா நீங்களே குறைச்சுக்கோங்க. எனக்கு இன்னும் முன்னூறு பக்கம் இருக்கு."

மெக்கானிக்குக்கு ரோஷம் வந்தது. எதிர்க் கட்டடத்து ஐந்து இலைகளை ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்.

முதல் நாள் மூன்றாவது மாடித் திருப்பத்தில் வாளியோடு உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது நாள் மொட்டை மாடியில் போர்வை காற்றில் எழும்பி அவரைச் சுற்றிக்கொண்டது; ஐந்தாவது மாடிக்காரர் வந்துதான் பிரித்துவிட்டார். தினமும் ஏழு வாளி கீழே போக வேண்டும், இரண்டு கூடை மேலே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விரிப்புகளும் சேர்ந்துகொள்ளும். ஊரில் உள்ள கட்டடத்துக்கெல்லாம் போய் மனுஷர்கள் படியேறாமல் பார்த்துக்கொள்கிற ஆள், வேலை முடிந்து வந்து சொந்த வீட்டுப் படியில் மூச்சிரைத்துக்கொண்டு நின்றார். இரண்டாவது வாரம் தோள் பிடித்துக்கொண்டது. அலமாரியில் தைலத்தைத் தேடி எடுத்துத் தடவிக்கொண்டார். பாட்டிலின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. மிச்சமெல்லாம் எப்படித் தீர்ந்தது என்று அப்போது அவருக்குக் கணக்குப் புரிந்தது. புரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தோற்றது போல ஆகிவிடும்.

மனைவி உதவவும் இல்லை, குறுக்கே வரவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து பக்கம் புரட்டினாள். எப்போதாவது, "பிழிஞ்சது பத்தாது, சொட்டுது," என்பாள்.

மூன்று மாதம் முடிந்து முடிவு வந்தபோது வாரியமே ஆடிப்போயிற்று. நூற்றுக்கு எண்பத்து நாலு! வாரிய வரலாற்றில் இல்லாத குறைப்பு. ஏ.சி.யையும் மெஷின்களையும் மீனையும் வாரிய ஆட்களே வந்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். விழாவுக்கு நாள் குறித்தார்கள். நாலாவது மாடி வாசலில் ரிப்பன் கட்டினார்கள். படி முழுக்க ஆட்கள். மனைவியின் தங்கையும் சகலையும் முன்வரிசையில். சகலையின் முகத்தில் ஒரு பல்லும் தெரியவில்லை. மெக்கானிக் அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தார். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக வயிறு குளிர்ந்தது.

தலைவர் ஏறி வந்து, பத்து நிமிஷம் மூச்சு வாங்கி, பிறகு பேசினார்.

"ஒன்பது மாதங்களுக்கு முன் இந்தக் குடும்பம் எப்படி இருந்தது? ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு குளிரூட்டியது! காய்ந்த துணியைக் காய வைத்தது! அழிவின் விளிம்பில் நின்ற இந்தக் குடும்பத்தை வாரியம் கைப்பிடித்துத் தூக்கியது. அதற்கு முன்னால் இவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று சிலர் கேட்கலாம். அதற்கு எங்களிடம் பதிவு இல்லை. பதிவு இல்லாத காலத்தில் யாரும் நன்றாக வாழ்ந்ததாக வாரியம் கருதுவதில்லை."

கைதட்டல். ஆய்வாளர் பலகையை நீட்டினாள். ஐந்து இலை. மெக்கானிக் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, மனைவி பக்கம் திரும்பினார். அவள் கண் விரிவதற்குள் தலைவர் மறுபடி தொண்டையைக் கனைத்தார்.

"ஆனால், அன்பர்களே, இந்தச் சாதனைக்கு மூலகாரணம் யார்? கோப்பைப் படித்தபோது எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. தன் வீட்டிலிருந்து இயந்திரங்களை அகற்றிப் பூமியைக் காத்தவர் ஒருவர். அதே இயந்திரங்களை இந்த வீட்டுக்குக் கொடுத்து, இவர்களும் அகற்றிப் பூமியைக் காக்க வழி செய்தவரும் அவரே! ஒரே ஏ.சி., இரண்டு வீடுகளில் குறைப்பு! உலகில் எங்கும் இல்லாத சிக்கனம்! அந்த ஏ.சி.யும் மெஷின்களும் மீனும் இப்போது இதே கட்டடத்தின் மூன்றாவது மாடித் தபால்காரர் வீட்டுக்குப் போயிருக்கின்றன. தெரு முழுக்கப் போகும். இந்த வழிகாட்டிக்காக வாரியம் ஆறாவது இலையை உருவாக்கியிருக்கிறது."

சகலை எழுந்து வந்தார். எல்லாப் பல்லும் திரும்ப வந்துவிட்டது. ஆறாவது இலை மற்ற ஐந்தை விடப் பெரிதாக, ஓரத்தில் தங்க நிறக் கோடு போட்டிருந்தது. கைதட்டல் கீழ்மாடி வரை கேட்டது. மெக்கானிக்குக்குத் தன் கையில் இருந்த பலகை சட்டென்று எடை குறைந்து தகரமாகிவிட்டது. வயிற்றில் ஒன்பது மாத நெருப்பும் மொத்தமாகத் திரும்பி வந்தது. ஏழு வாளி, இரண்டு கூடை, தொண்ணூறு நாள். தூக்கியது இவர். பெயர் வாங்கியது தூக்காதவர்.

"இல்லத்தரசி அவர்களும் இரண்டு வார்த்தை பேசலாம்," என்றார் தலைவர். "அந்த ஆறு மாத இருண்ட காலம் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்."

மனைவி முன்னால் வந்தாள்.

"அந்த ஆறு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். "பதினேழு வருஷத்துல அப்பதான் சாயங்காலம் உக்காந்தேன். அதுக்கு முன்னாடி தினமும் ஏழு வாளி நான் தூக்கினேன். அப்ப யாரும் ரிப்பன் கட்டல. யாரும் வந்து எண்ணவும் இல்ல. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. இந்த மூணு மாசம் அவரு தூக்கினாரு. மூணாவது மாடில உக்காந்துட்டாரு. நான் உக்காந்ததில்ல. ஆனா உக்காந்தப்புறம் எந்திரிச்சு மேல வந்தாரு. அவ்வளவுதான்."

வாரியத்தின் திட்டத்தைப் புகழ்கிறாள் என்று நினைத்துத் தலைவர் பலமாகக் கை தட்டினார். ஆய்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெக்கானிக் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன்னைப் பிய்த்துப் பிடுங்கிக்கொண்டிருந்த ஆத்திரம் மூன்று மாதம் பழையது, அவளுடையது பதினேழு வருஷம் பழையது என்பது அவர் மண்டையில் உறைத்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. காது மடலெல்லாம் சுட்டது.

கூட்டம் கலைந்தது. போகும்போது ஆய்வாளர் அவரை ஓரமாக அழைத்து, ஐந்து இலை ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும் என்றும், அடுத்த வருஷம் இதிலிருந்து இன்னும் நாற்பது குறைக்க வேண்டும் என்றும், முடியாவிட்டால் இடையில் ஆறு மாதம் கொஞ்சம் தாராளமாக இருந்துகொள்ளலாம் என்றும், அதை அவள் சொல்லவில்லை என்றும் சொன்னாள்.

சாயங்காலம் எதிர்க் கட்டடத்திலிருந்து துளை போடுகிற மெஷினின் சத்தம் வந்தது. ஆறாவது இலைக்கு ஆணி அடிக்க இடம் பண்ணுகிறார்கள். மெக்கானிக் ஜன்னல் வழியாகப் பார்த்தார். எரியத்தான் செய்தது. பொய் சொல்லி என்ன பயன்? எரிந்துகொண்டே உள்ளே போய், அழுக்குக் கூடையை இழுத்து, வாளியில் தண்ணீர் பிடித்து, குளியலறை வாசலில் உட்கார்ந்து சட்டைகளை ஊற வைத்தார்.

சத்தம் கேட்டு மனைவி எட்டிப் பார்த்தாள்.

"குறைப்புக் காலந்தான் முடிஞ்சு போச்சே. யாரும் வந்து பாக்க மாட்டாங்களே."

"துணி அழுக்காத்தானே இருக்கு," என்றார் தலை நிமிராமல்.

அவர் சோப்பைத் தேய்த்துக்கொண்டே, ரொம்ப நேரமாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"தபால்காரர் வீட்ல சொல்லி அந்த வாஷிங் மெஷின மட்டும் திரும்ப எடுத்துட்டு வந்துடட்டுமா? இலை போனாப் போகட்டும்."

மனைவி போய் ஜன்னல் பக்கமிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எதிர்க் கட்டடம் முதுகுப் பக்கம் இருக்கும்படி, குளியலறையைப் பார்த்துப் போட்டாள். உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின் எதுக்கு?" என்றாள். "அதுகிட்ட காலர இன்னும் கொஞ்சம் தேய்னு சொன்னா கேக்குமா?"

மெக்கானிக் காலரை இன்னும் கொஞ்சம் தேய்த்தார்.